போர்டிகோவும் முகமண்டபமும்: மதுரைப் பக்கத்தில் ஆறு நாள்

முதல் நாள்: சோழவந்தான்

அக்கா வீட்டுத் திண்ணையை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் ஏற்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டட வரைபடம் வரைந்து 34 ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். எத்தனையோ திண்ணைகளைக் காகிதத்தில் அழித்து, அந்த இடத்தில் ‘போர்டிகோ’ என்று எழுதி, 10 அடிக்கு 16 அடி என்று அளவும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை வரையச் சொன்னவன் என் அக்கா மகன் என்பது மட்டும்தான் வேறுபாடு. “கார் வெயிலில் கிடந்து வெளுக்கிறது மாமா. திண்ணையில் இப்போது யார் வந்து உட்காருகிறார்கள்?” என்று அவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்ததும் அந்தத் திண்ணையில்தான் பையை இறக்கி வைத்தேன். வாசற்படிக்கு இரு பக்கமும் இரண்டு திண்ணைகள், அவற்றின் விளிம்பில் கல் பாதத்தின்மேல் நிற்கும் நான்கு மரத்தூண்கள், மேலே ஓட்டுச் சாய்ப்பு. படுப்பவருக்குத் தலையணை வேண்டாதபடி சுவரோரம் ஒரு சாய்மானத்தைச் சுண்ணாம்புக் காரையிலேயே வழித்து விட்டிருக்கிறார்கள். வலப்பக்கத் திண்ணையின் தரையில் யாரோ எப்போதோ உளியால் கீறிய ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கோடுகளில் படிந்த அழுக்கு, தேய்த்துக் கழுவினாலும் போகாத அளவுக்குக் கல்லோடு கல்லாகிவிட்டது.

கொத்தனார் நாள் பார்த்து வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சும்மா இருப்பதற்குப் பதிலாக, வாழ்நாள் முழுவதும் யோசிக்காமல் எழுதிய அந்த ஒரு சொல்லின் பின்னால் நான்கு நாள் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நம் ஊரில் போர்டிகோ என்றால் கார் நிறுத்தும் கூரை. ஆனால் வாயிலைக் குறிக்கும் ‘போர்ட்டா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ‘போர்ட்டிகஸ்’ பிறந்தபோது அதற்குப் பொருள் தூண்வரிசைமேல் நிற்கும் கூரை என்பதுதான்; அது கட்டடத்தின் முகப்பிலும் இருக்கலாம், தெருவோரமாக நீண்டும் போகலாம். அதற்கும் முன்பு கிரேக்கர்கள் அதே ஏற்பாட்டை ‘ஸ்டோவா’ என்றார்கள். ஏதென்ஸ் நகரச் சந்தைவெளியின் ஓரத்தில் ஓவியங்கள் நிறைந்த அப்படியொரு தூண்கூடத்தில் நின்று சீனோ பாடம் சொன்னதால்தான் அவருடைய வழியினருக்கு ஸ்டோயிக்குகள் என்று பெயர் வந்தது. ஒரு தத்துவப் பள்ளிக்குத் தாழ்வாரத்தின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மிலும் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது அல்லவா?

இரண்டாம் நாள்: திருமலை நாயக்கர் மகால்

மதுரையில் தூண் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மகாலுக்குத்தான் போக வேண்டும். 1636-ல் எழுந்த இந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை போக, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்ததால் நின்றுகொண்டிருக்கும் பகுதியைத்தான் நாம் சீட்டு வாங்கிப் பார்க்கிறோம்.

தெருவிலிருந்து பார்க்கும்போது உயர்ந்த சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது. உள்ளே நுழைந்து முற்றத்தில் கால் வைத்ததும் நான்கு புறமும் வெள்ளை உருளைத் தூண்கள், அவற்றின்மேல் இதழ் இதழாக மடிந்த வளைவுகள், மேற்கே அரியணை இருந்த சொர்க்கவிலாசம் எல்லாம் ஒரே வீச்சில் கண்ணில் படும். கிரேக்கக் கோயிலின் தூண்முகப்பு ஊரைப் பார்த்து நிற்கிறது. இங்கே அந்த முகப்பைச் சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்புவதுபோல் திருப்பி, அரசன் உட்கார்ந்த இடத்தை நோக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே விடப்பட்டவனுக்கு மட்டும்தான் முகப்பு. முன்பு பலமுறை வந்தபோது இது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 5 அடி விட்டமுள்ள தூணில் என் இரண்டு கைகளும் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுற்றின. பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிட்டு, பிறகு மூன்று பேராகக் கைகோத்து எனக்கு உதவினார்கள். ரோம் நகரத்தின் பாந்தியன் முகப்பிலுள்ள தூண்களும் ஏறத்தாழ இதே பருமன்தான். ஆனால் அங்கே 16 தூண்களும் எகிப்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த கருங்கற்கள், ஒவ்வொன்றும் சுமார் 60 டன் எடையுள்ள ஒற்றைக் கல். இங்கேயோ செங்கல்லை வட்டமாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, முட்டை வெள்ளைக்கருச் சேர்த்த மேற்பூச்சால் பளிங்குபோல மெருகேற்றியிருக்கிறார்கள். வளைவுகள் வந்ததற்கும் அதுதான் காரணம் என்பது வரைபடக்காரனான என் கருத்து. இரண்டு தூண்களுக்குமேல் கல் உத்திரத்தைக் கிடத்தலாம், செங்கல்லைக் கிடத்த முடியாது. நடுவில் தொய்ந்து விழுந்துவிடும். செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே அதை வளைத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்படி விட வேண்டும்.

இதை ஓர் இத்தாலியர் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகள் வழக்கம்போலச் சொன்னார்கள். உருண்டைத் தூணைக் கண்டதும் ஐரோப்பா என்று முடிவுகட்டுவது அவசரம் என்றே நினைக்கிறேன். இதழ் வளைவு தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களில் பழகிய வடிவம். தூண் தலைப்புக்கு மேலே தாவும் யாளிகளோ நம் கோயில் மண்டபத்திலிருந்து நேராக இறங்கி வந்தவை. இவற்றைச் சேர்த்துவைக்க ஒரு நல்ல கொத்தனார் கூட்டம் போதும்.

திரும்பும் வழியில் பத்துத்தூண் சந்துக்குள் போனேன். மகாலின் இன்னொரு பகுதியான ரங்கவிலாசத்தின் எச்சம் என்று சொல்லப்படும் தூண்கள், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே தாங்குவதற்குக் கூரை எதுவும் இல்லாமல் நிற்கின்றன. ஒன்றின் நிழலில் இரு சக்கர வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். என் மருமகன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பான்.

மூன்றாம் நாள்: கோயிலின் கிழக்கு வாசல்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். அம்மன் சன்னதிக்கு நேராகக் கிழக்குச் சித்திரை வீதியில் மதிற்சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அட்டசக்தி மண்டபம்தான் ஐரோப்பியர் போர்டிகோ என்று சொல்லும் வடிவத்துக்கு மதுரையில் மிக அருகில் வருவது. நுழையும் வாயிலுக்குமேல் கோபுரம் கிடையாது. தூண்களில் எட்டுச் சக்திகள் நின்று வரவேற்கிறார்கள். திருமலை நாயக்கரின் மனைவியரான ருத்திரபதி அம்மாளும் தோளிமாமையும் கட்டுவித்தது. தொலைவிலிருந்து வரும் அடியார்களுக்கு இங்கே வைத்துச் சோறு போட்டார்கள். வாசலிலேயே பசியாற்றி உள்ளே அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்காகவே இதை எட்டுத்தூண் முகப்பு, பத்துத்தூண் முகப்பு என்று வகைபிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

வகைபிரிப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிரேக்க, ரோமானிய முகப்புகளுக்குத் தூண் கணக்கில்தான் பெயர்: நான்கு என்றால் டெட்ராஸ்டைல், ஆறு என்றால் ஹெக்ஸாஸ்டைல், ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப்போல எட்டு என்றால் ஆக்டாஸ்டைல். நாமும் நாற்கால் மண்டபம், பதினாறுகால் மண்டபம், நூற்றுக்கால், ஆயிரங்கால் என்று கால்களை எண்ணித்தான் பெயர் வைத்தோம். ஆனால் அவர்கள் எண்ணுவது முன்வரிசையை மட்டும், நாம் எண்ணுவது எல்லாக் கால்களையும். எதிரே நின்று பார்ப்பவனின் கணக்கு ஒன்று, உள்ளே நடந்துபோகிறவனின் கணக்கு மற்றொன்று. அப்படியும் நம் கணக்கு சரியாக இருந்துவிடவில்லை. அரியநாத முதலியார் 1569-ல் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் 985 கால்கள்தான் உள்ளன.

வெளியே வந்து தெருவைக் கடந்தால் புது மண்டபம். 1630-களில் வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பியது. 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்து நாயக்கர்களும் தூண்களில் கைகூப்பி நிற்கிறார்கள். இங்கே செங்கல்லுக்கு வேலையே இல்லை. கல் தூணின் தலையில் பலகை, பலகையின்மேல் இரு பக்கமும் கை நீட்டும் போதிகை, போதிகைமேல் உத்திரம், உத்திரத்தின்மேல் பாவுகல். போதிகை என்பது வெறும் அழகு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியை இரு முனையிலும் குறைத்துக் கொடுக்கிறது. கல் உத்திரத்தின் அடிப்பக்கம் இழுவையில் விரிசல் விடும் என்ற அச்சத்துக்கு, கிரேக்கர் தூண்களை நெருக்கி நட்டு விடை கண்டார்கள்; நம் சிற்பிகள் தூணுக்குத் தோள் கொடுத்து விடை கண்டார்கள்.

எனக்குத் தெரிந்த புது மண்டபம் வேறு. சின்ன வயதில் அம்மாவோடு வந்தபோது இங்கே தையல் இயந்திரங்கள் வரிசையாகக் கடகடத்துக்கொண்டிருக்கும். பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் விற்கும் கடைகள், பித்தளைப் பாத்திரக் கடைகள், ஒரு யாளியின் காலில் கட்டிய கயிற்றில் தொங்கும் பாவாடைகள். என் முதல் பள்ளிக் கால்சட்டைக்கு இங்கேதான் அளவெடுத்தார்கள். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளிலிருந்து தீ பரவிக் கருங்கல் தூண்களும் உத்திரங்களும் வெடித்துக் கூரை சரிந்ததற்குப் பின், கோயிலை ஒட்டிய மண்டபங்களில் கடை வைப்பதைப் பற்றிய பேச்சு மாறிவிட்டது. புது மண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. கருங்கல் நெருப்பைத் தாங்காது என்பது எனக்குத் தெரியும். கடைகளை எடுத்தது சரிதான். இருந்தாலும் வெளியில் நின்று அந்த வெறுமையைப் பார்த்தபோது, அளவெடுத்த அந்தத் தையற்காரரின் வாயிலிருந்த வெற்றிலை மணம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள்: யானைமலை

இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பிய கட்டடம் எதுவென்று யாராவது கேட்டால், அது கட்டடமே இல்லை, ஒரு கல்வெட்டில் வரும் ஒரு சொல் என்றுதான் சொல்வேன்.

மேலூர் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கி உள்ளே நடந்தால், படுத்திருக்கும் யானையைப்போன்ற ஒற்றைப் பாறையின் அடியில் நரசிங்கம் என்ற ஊர். பாறையைக் குடைந்த கருவறையில் யோக நரசிங்கர். முற்பகல் பதினொரு மணிக்குப் போனது என் தவறு. செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து பாறை நிழலை எட்டுவதற்குள் உள்ளங்கால் வெந்துவிட்டது. முகமண்டபம் எதற்கு என்பதை எந்த நூலும் இவ்வளவு விளக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு கலியாண்டு 3871-ஐக் குறிக்கிறது. நம் கணக்கில் கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர், களக்குடி என்ற கரவந்தபுரத்தைச் சேர்ந்த மாறன்காரி இந்தக் கற்றளியைச் செய்தார். நீர்தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துபோனார். அவருக்குப்பின் அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் ‘முகமண்டபஞ் செய்து’ நீர்தெளித்தான் என்று கல்வெட்டு முடிகிறது.

கருவறை அண்ணனுடையது, முகப்பு தம்பியுடையது. அண்ணன் விட்டுச்சென்ற குடைவரைக்குத் தம்பி சடங்கை மட்டும் நடத்தி முடித்திருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு மண்டபம் எழுந்தபிறகுதான் அவனுக்கு அது நீர்தெளிக்கத் தகுந்த கோயிலாகத் தோன்றியிருக்கிறது. ஏதென்ஸில் பார்த்தினானைக் கட்டத் தொடங்கியபோதே (கி.மு. 447) அதன் முகப்பில் எத்தனை தூண் என்பது முடிவாகிவிட்டது, தூண்களின் இடைவெளியிலிருந்துதான் மொத்தக் கட்டடத்தின் அளவும் பிறக்கிறது. பிற்காலத்தில் யாரும் முன்னால் ஒன்றை ஒட்டவைக்க அங்கே இடமில்லை. தமிழ்நாட்டுக் கோயிலோ முன்பக்கம் திறந்தே கிடக்கிறது. கருவறை, அதன்முன் அர்த்தமண்டபம், அதன்முன் முகமண்டபம், அதற்கும் முன்னால் மகாமண்டபம் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கட்டு முன்னே நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே போகப் போக இடம் குறுகி, கூரை தாழ்ந்து, காலம் பின்னோக்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்திலிருக்கும் லாடன் கோயில் குடைவரையையும் எட்டிப் பார்த்தேன். பாண்டியர், பல்லவர் குடைவரைகளில் பரவலாகக் காணும் முகப்பு முறை ஒன்று உண்டு: பாறையின் இரு ஓரமும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், நடுவில் இரண்டு முழுத்தூண்கள், தூணின் அடியும் தலையும் சதுரம், இடைப்பகுதி எண்பட்டை. கிரேக்கர்களின் மிகப் பழைய, மிக எளிய கோயில் முகப்பும் இதே அமைப்புதான், இரு பக்கச் சுவர் முனைகளுக்கு இடையில் இரண்டு தூண்கள். இதில் யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று துருவ வேண்டியதில்லை. வாசலை அடைக்காமல் கூரையைத் தாங்க வேண்டுமென்றால், நடுவழி விட்டு இரண்டு தூண் நிறுத்துவது யாருக்கும் தோன்றும். அக்கா வீட்டு வாசலிலும் அதே கணக்கு.

மாலையில் திருப்பரங்குன்றம் போனேன். கூட்டம் மிகுதியாக இருந்ததால் அதிகம் நிற்க முடியவில்லை. அங்கே கி.பி. 773-ஆம் ஆண்டுக் குடைவரை உச்சியில் இருக்க, பின்வந்தவர்கள் கட்டிய மண்டபங்கள் படிப்படியாகக் கீழிறங்கித் தெருவரை வந்துவிடுகின்றன. கடைசியாக வந்த நாயக்கர் கால முன்மண்டபம்தான் எல்லாவற்றிலும் ஆரவாரமானது. குதிரைகளும் யாளிகளும் தெருவுக்குள் பாய்கின்றன. அதன் அடியில் ஒரு பாட்டி பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள்: கானாடுகாத்தான்

காரைக்குடிப் பக்கம் போவது மதுரையை விட்டு விலகுவதாகாதா என்று அக்கா கேட்டார். விலகல்தான். ஆனாலும் போர்டிகோ என்ற சொல் நம் வீட்டு வாசலுக்கு வந்த வழியைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

கோயில் முகப்பை வீட்டுக்குப் பொருத்தும் துணிச்சல் ஐரோப்பாவில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பலாடியோவின் பெயரோடுதான் பரவியது. 1560-களில் இத்தாலியின் விச்சென்சா நகருக்கு வெளியே அவர் வடிவமைத்த வில்லா ரொத்தொந்தாவில் நான்கு புறமும் ஆறு ஆறு தூண்களோடு நான்கு கோயில் முகப்புகள். பழங்காலத்தார் வீடுகளுக்கும் இப்படித்தான் முகப்பு வைத்திருக்க வேண்டும் என்று அவர் நம்பினார்; அது தவறான நம்பிக்கை, ஆனால் பலனுள்ள தவறு. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. அங்கிருந்து கம்பெனிக்காரர்களோடு அது சென்னைக்குக் கப்பலேறியது. 1802-ல் கோல்டிங்ஹாம் கட்டிய விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், அகலப் படிகளோடும் நெடுந்தூண்களோடும் அதற்குச் சாட்சி. பிறகு பங்களாக்களில் அந்தத் தூண்முகப்பின் கீழேயே கோச்சு வண்டி வந்து நிற்கத் தொடங்கியது. துரை மழையில் நனையாமல் இறங்க வேண்டும். நம் கார் போர்டிகோவுக்கு அந்தக் கோச்சு வண்டிதான் தாத்தா.

கானாடுகாத்தான் தெருவில் நடந்தபோது இரண்டு பரம்பரைகளும் ஒரே வாசலில் கலந்து நிற்பதைக் கண்டேன். உயர்ந்த முகப்பு, கைப்பிடிச் சுவருக்குமேல் சுதைக் கஜலட்சுமி, ஐரோப்பியப் பூவேலைத் தலைப்பு வைத்த உருளைத் தூண்கள். அதைத் தாண்டினால் பர்மா தேக்குத் தூண்களோடு நம் பழைய திண்ணை, அதன் தரையில் ஆத்தங்குடிக் கல். வெளித்தூணில் சீமை மோகம், உள்தூணில் ஊர்ப் பழக்கம். கைதட்டக்கூடிய கலவை என்று நான் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் தூண் தலைப்பு, சின்னப் பிள்ளை பெரியவர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஆனால் திண்ணையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பேருந்து தாமதமானதால் ஒரு பூட்டிய வீட்டின் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இத்தாலியின் போலோன்யா நகரில் 1288-ஆம் ஆண்டிலேயே, புதிதாகக் கட்டும் வீடுகள் தெருப்பக்கம் தூண்தாழ்வாரம் விட்டாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நிலம் வீட்டுக்காரருடையது, நடப்பது ஊரார். அந்தத் தாழ்வாரங்கள் இன்று மொத்தம் 62 கிலோமீட்டர் நீளம். 2021-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. திண்ணைக்கு நம் ஊரில் சட்டம் தேவைப்படவில்லை. அதனாலேயே அதை எடுக்கும்போது தடுக்கவும் எதுவும் இல்லை.

ஆறாம் நாள்: மீண்டும் சோழவந்தான்

இரவு உட்கார்ந்து வரைந்து முடித்தேன். இடப்பக்கத் திண்ணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார். வலப்பக்கத் திண்ணையும் அதன் இரண்டு மரத்தூண்களும் அப்படியே இருக்கும். இடப்பக்கத்திலிருந்து கழற்றும் இரண்டு தூண்களையும் புதுக் கூரையின் முன்வரிசையில் அதே கல் பாதத்தோடு நிறுத்திவிடலாம். சுமை கான்கிரீட் தூண்மேல் இறங்கட்டும், மரத்தூண் சும்மா நிற்கட்டும் என்ற யோசனை எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. செட்டிநாட்டுத் தலைப்பாகையைக் கேலி செய்த வாய் இது.

காலை ஆறரை மணிக்குக் கொத்தனார் வந்தார். வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். அக்கா காப்பி கொண்டுவந்தபோது கொத்தனாரும் சித்தாள் இருவரும் ஆடுபுலிக் கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கோட்டை அளந்து பார்த்தவர், வலப்பக்கத் திண்ணை இருக்கும்வரை வண்டியை நேராக ஏற்ற முடியாது, சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும், பின்பக்கம் ஓர் அடி வெயிலில் நிற்கும் என்றார். மருமகன் இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை.